உலைக்குளிர்

இரும்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது உலைக்காரனை யாரும் கூப்பிடக் கூடாது. அந்தப் பவுண்டரியில் இதை எழுதி எங்கும் ஒட்டி வைக்கவில்லை. கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவல்காரரின் இடது காலைப் பார்த்தாலே போதும். அவர் உலையில் நின்ற காலத்தில், இரும்புக் குழம்பு நிறைந்த தொட்டி சாய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து யாரோ பின்னாலிருந்து சாப்பாடு வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பினார். இப்போது முழங்காலுக்குக் கீழே அவருக்கு இருப்பது எலும்பின்மேல் இழுத்து ஒட்டிய தோல்தான். "சோத்துக்குக் கால் வேணாம்னு குடுத்தவன் நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பார்கள்.

அந்த உலையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பெரியவன் உலைவாயில், சின்னவன் உருகிய இரும்பைத் தாங்கும் தொட்டியில். பவுண்டரியில் அவர்களுக்கு வேறு பெயர் இல்லை. முதலாளியும் பெரியவனே, சின்னவனே என்றுதான் கூப்பிட்டார். பெரியவனின் மனைவி அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மடிப்பு வேலை செய்தாள். அவள் எல்லோருக்கும் அண்ணி, அவளைவிட வயதில் மூத்த காவல்காரருக்கும்கூட. பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போன பிறகு சின்னவன் அவர்களோடுதான் இருந்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "முதல்ல கூரைய மாத்துவோம், அப்புறம் பொண்டாட்டியக் கொண்டு வருவோம்" என்று தள்ளிப்போட்டான். கூரையை மாற்றினார்கள். கல்யாணம் நடக்கவில்லை.

இரும்பு ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி இருக்கிறது. முதலாளி அதை வாங்கியும் கொடுத்திருந்தார். அது தூணில் ஓர் ஆணியில் தொங்கிக் கரித்தூசி பிடித்துக் கிடந்தது. பெரியவன் நீலக் கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து உலைக்குள் ஒரு பார்வை பார்ப்பான். "இன்னும் கொஞ்சம்" என்பான். இல்லாவிட்டால் "திற" என்பான். அவன் திற என்று சொல்லி ஊற்றிய வார்ப்பு விரிசல் விட்டதில்லை.

"கருவின்னா பேட்டரி மாத்தணும். எங்கண்ணனுக்கு ஒரு டீ போதும்" என்பான் சின்னவன்.

உலையில் நிற்பவர்களுக்கு மட்டும் வரும் குளிர் ஒன்று உண்டு. வருடக்கணக்காக அந்த அனலில் வெந்த உடம்பு, நாலு நாள் லீவு போட்டால் சாதாரணக் காற்றுக்கே நடுங்கும். பல் கிட்டும். போர்வையை இழுத்துப் போர்த்தி, சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படுத்தால் அடங்கிவிடும். இதற்கு உலைக்குளிர் என்று பெயர். டாக்டர்களுக்கு இது தெரியாது. கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "உலை ரெண்டாம் சம்சாரம் மாதிரி. விட்டுட்டு வந்தா ஆட்டிப் படைக்கும்" என்பது காவல்காரரின் கணிப்பு. கேட்டுக்கு மாறிய வருடம் அவர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

சின்னவனுக்கு நோய் வந்தது யாருக்கும் தெரியவில்லை. தொடையில் நீலம் பாய்ந்திருந்தது. தொட்டி இடித்திருக்கும் என்றார்கள். பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்று என்றாள் அண்ணி. தொட்டியைத் தள்ளும்போது மூச்சு வாங்கி நின்றான்.

"என்னடா, கல்யாணம் ஆகாமலே கிழவனாயிட்டியா?" என்றான் பெரியவன்.

"நீ ரெண்டு நாளு என் இடத்துல நின்னு பாரு, தெரியும்."

"உன் வயசுல நான் ஒத்தக் கையால தள்ளுனேன்."

அந்த வார்த்தைக்காகச் சின்னவன் மாதக்கணக்கில் தள்ளினான். ஒருநாள் மணல்மேட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணாடி போட்ட டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து, ரத்தப் புற்று என்றார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருந்து எடுத்துப் பார்த்தாகிவிட்டதாம், சந்தேகமே இல்லையாம், உடனே மருந்து ஏற்ற வேண்டுமாம்.

"ரத்தத்துலயா?" என்றான் சின்னவன். "ரத்தம் ஓடிட்டே இருக்குமே. அதுல எப்படி வந்து உக்காரும்?"

"உக்காரல. அதுவும் கூட ஓடுது" என்றார் டாக்டரம்மா.

முதல் சுற்று மருந்துக்கு வார்டிலேயே ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. பெரியவன் முதலாளியிடம் பேசி மாலை ஷிப்டு வாங்கிக்கொண்டான். பகலில் அவனும், வேலை விட்டு வந்து அண்ணியும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். மார்பில் குத்திய குழாய் வழியாக மருந்து இறங்கும். ஒரு மருந்து செம்பருத்திச் சாறு மாதிரி சிவப்பு. அது இறங்கிய அன்று மூத்திரமும் சிவப்பாகப் போனது. "உள்ளயும் உலை பத்த வச்சுட்டாங்க, கசடு இறங்குது" என்றான் சின்னவன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. வாந்தி வந்தது. வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்க முடியாமல் துண்டை வாயோரம் வைத்துக்கொண்டு கிடந்தான். தலைமுடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்ததை அண்ணி ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். பெரியவனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்பான். வேண்டாம் என்பான் சின்னவன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பான்.

"அண்ணே, நீ உலையப் பாக்குற மாதிரி என்னப் பாக்காத" என்றான் சின்னவன் ஒருநாள். "பதம் வந்ததும் நானே சொல்றேன்."

மருந்து கேட்டது. ரத்தத்தில் கெட்ட அணு காணவில்லை என்றார்கள். ஆனாலும் ஒளிந்து கிடப்பதைக் கொல்ல இன்னும் சில சுற்று ஏற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று வார்டு சிஸ்டர் மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இந்த மருந்து கெட்டத மட்டும் பாத்துக் கொல்லாது. நல்லதையும் சேத்துத்தான் கொல்லும். மருந்து ஏத்தி ஒரு வாரம் பத்து நாள்ல இவர் ரத்தத்துல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. அப்ப வர்ற சின்னக் கிருமி போதும். சூடு ஏறுனா, குளிர் அடிச்சா, என்ன நேரமா இருந்தாலும் நேரா இங்க வந்துருங்க. வீட்ல மாத்திரை குடுத்துட்டுப் பாக்கலாம், விடியட்டும் பாக்கலாம், அதெல்லாம் கூடாது."

"சரிங்க சிஸ்டர்" என்றான் பெரியவன்.

"சரின்னா? திருப்பிச் சொல்லுங்க."

பெரியவன் மனைவியைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல இருந்தது. "சூடு ஏறுனா இங்க."

"குளிர் அடிச்சா?"

"இங்கதான்."

"சூடு இல்லாமக் குளிர் மட்டும் அடிச்சா?"

"இங்க."

சிஸ்டர் ஒரு தெர்மாமீட்டரை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். "காலையில, சாயங்காலம். அக்குள்ல வைங்க. சத்தம் வந்ததும் எடுங்க."

"எங்கண்ணனே தெர்மாமீட்டர்தான் சிஸ்டர்" என்றான் சின்னவன். "இரும்பயே பாத்துச் சொல்லிருவாரு."

"நீங்க இரும்பு இல்லையே" என்றார் சிஸ்டர்.

வீட்டில் முன்னறையை அவனுக்கு ஒதுக்கினார்கள். தரையை மருந்துத் தண்ணீரால் துடைத்துத் துடைத்து அண்ணிக்குக் கை வெந்துபோனது. அட்டை மடித்து ஏற்கெனவே விரல் நுனியெல்லாம் கீறல். அதில் மருந்து பட்டு எரியும். பெரியவன் பவுண்டரி உடுப்பை வாசலிலேயே கழற்றி வாளியில் போட்டுவிட்டு, பின்பக்கமாகப் போய்க் குளித்த பிறகுதான் உள்ளே வருவான். பார்க்க வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போக வேண்டும். காவல்காரர் வாரம் ஒருமுறை வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பவுண்டரிச் செய்தி சொன்னார்.

"உன் இடத்துல ஒருத்தனப் போட்டிருக்காங்க. தொட்டிய மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கொண்டு போறான். உங்கண்ணன் வாயில கெட்ட வார்த்தை தவிர ஒண்ணும் வர மாட்டேங்குது."

"எனக்கு இருந்த மரியாதை இப்பத்தான் தெரியுதா?" என்றான் சின்னவன் முகமூடிக்குள்ளிருந்து.

சாப்பாடுதான் பெரும்பாடு. எல்லாம் கொதித்திருக்க வேண்டும். பச்சையாக ஒன்றும் ஆகாது. அண்ணி கஞ்சி வைத்துப் பார்த்தாள், முட்டை அவித்துப் பார்த்தாள், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பார்த்தாள்.

"எல்லாம் தகரம் மாதிரி இருக்கு அண்ணி."

"தகரத்த நீ எப்பத் தின்ன?"

"உங்க சமையல இத்தன வருஷம் சாப்பிட்டவனுக்குத் தெரியாதா?"

"அப்ப இதையும் தின்னு. பழகுன ருசிதானே."

அவன் தின்றான். அவளுக்காகத் தின்றான் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் போய் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, கேட்காததுபோலப் பாத்திரம் கழுவுவாள்.

அந்த முதல் முறை வீட்டில் இருந்தபோதே ஒரு சாயங்காலம் அவனுக்கு நடுங்கியது. அண்ணி ஓடிவந்து தெர்மாமீட்டர் வைத்தாள். சூடு இல்லை. ஆனாலும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். அங்கே ரத்தம் எடுத்து, விடியும்வரை உட்காரவைத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பெரியவன்தான் சொன்னான், உலையை விட்டு இத்தனை நாள் இருந்தவனுக்கு வேறு என்ன வரும், உலைக்குளிர்தான் என்று. சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "சிஸ்டர் சொன்னத செஞ்சோம். அடுத்த தடவையும் இதையேதான் செய்வோம்" என்றாள்.

இரண்டாம் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. பவுண்டரிக்குப் பெரிய வார்ப்பு ஒன்று வந்திருந்தது, ஏதோ கப்பல் எஞ்சினுக்கான அடிப்பாகம். அச்சுக் குழியே ஓர் அறையளவு இருந்தது. அதை ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். நடுவில் நின்றால் ஒட்டாது, மொத்தமும் உடைத்துப் போட வேண்டியதுதான். அந்த ஊற்றைப் பகலில் வைத்தார்கள். முதலாளி பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, நீ நின்றால்தான் நான் ஊற்றுவேன் என்றார். பெரியவனுக்கு அது பிடித்திருந்தது. அப்படி ஒரு நாளில் அந்த வார்த்தை தனக்குப் பிடித்திருந்ததைப் பின்னால் அவன் நினைத்து நினைத்துப் பார்த்தான்.

அன்று அண்ணிக்குச் சாயங்காலம்வரை வேலை. விடியும்போதே கிளம்பினாள். குடையைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"அவன் தூங்கறான், எழுப்பல. நீங்க போறதுக்கு முன்னாடி சூடு பாத்துட்டுப் போங்க. மறந்துடாதீங்க."

"பாக்கறேன்."

"கஞ்சி அடுப்புல இருக்கு. சுட வச்சுக் குடுங்க."

"சரி, நீ போ. பஸ்ஸு போயிரும்."

அவள் போன பிறகு அவன் கஞ்சியைச் சுட வைத்தான். முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே."

"என்ன?"

"குளிருது."

"மழை பெய்யுதில்ல."

"அந்தக் குளிர் இல்லண்ணே. உள்ளேர்ந்து குளிருது."

பெரியவன் போய்ப் பார்த்தான். சின்னவன் சுருண்டு கிடந்தான். கட்டில் லேசாக ஆடியது. மொட்டைத் தலையில் போர்வையை முக்காடு போட்டிருந்தான். பெரியவன் அவன் நெற்றியில் கை வைத்தான். அந்த உள்ளங்கைத் தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரி. சிகரெட் பற்றவைக்க உலை விளிம்பிலிருந்து தணலை விரலால் எடுக்கிறவன் அவன். அந்தக் கைக்குத் தம்பியின் நெற்றி எதையும் சொல்லவில்லை.

"சூடு இல்லடா. உலைக்குளிரு. போன தடவையும் இப்படித்தானே வந்துச்சு."

"நானும் அதான் நெனச்சேன்." பல் தந்தியடிக்கச் சின்னவன் சிரிக்கப் பார்த்தான். "ரெண்டாம் சம்சாரம் கூப்பிடுறா."

"தெர்மாமீட்டர் எங்க வச்சா உங்க அண்ணி?"

"அலமாரில இருக்கும். விடுண்ணே. போன தடவ விடிய விடிய உக்கார வச்சு என்னத்தக் கண்டாங்க? நீ கிளம்பு. இன்னிக்கு நீ இல்லாம ஊத்த முடியாது."

பெரியவன் அலமாரியைப் பார்த்தான். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று பார் என்றது. பார்த்து, சூடு இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் ஊற்று நின்றுபோகும். இப்படி அவன் அந்த நேரத்தில் கணக்குப் போட்டானா இல்லையா என்பது அவனுக்கே பிறகு விளங்கவில்லை. தன் போர்வையையும் கொண்டுவந்து தம்பிமேல் போர்த்தினான். சூடாக டீ போட்டு வைத்தான்.

"நல்லாத் தூங்கு. சாயங்காலம் அண்ணி வந்துரும். ஏதாச்சும்னா போன் பண்ணு."

"ஊத்துற நேரத்துலயா?" என்றான் சின்னவன்.

"கேட்டுக்குப் பண்ணு. அவரு எங்கிட்ட சொல்வாரு."

"சரி. கருவியப் பாத்து ஊத்தாத. உன் கண்ணப் பாத்து ஊத்து."

ஊற்று நன்றாக நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவன் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திற என்றான். வெள்ளையாக, சத்தமில்லாமல் இறங்கியது. வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. உள்ளே பேச்சே இல்லை. கையசைவுதான். பழைய ஆள்களில் ஒருவரைத் தொட்டியில் போட்டிருந்தார்கள். தொட்டிக்குப் பின் தொட்டியாக, இடைவெளி இல்லாமல் அச்சுக் குழி இரும்பைக் குடித்துக்கொண்டே இருந்தது. அச்சு நிறைந்து, கடைசித் துளை வழியாக இரும்பு மேலெழுந்து வந்து எட்டிப் பார்த்தபோது முதலாளி கைதட்டினார்.

பெரியவன் தொப்பியைக் கழற்றித் திரும்பினான். காவல்காரர் நின்றிருந்தார். கேட்டை விட்டு அவர் இவ்வளவு உள்ளே வந்து யாரும் பார்த்ததில்லை.

"தம்பி போன் பண்ணான்" என்றார்.

"எப்ப?"

"மதியத்துக்கு முன்னாடியே. குளிரு நிக்க மாட்டேங்குதுன்னான். அண்ணனக் கூப்பிடவான்னு கேட்டேன். ஊத்துறாங்களான்னான். ஆமான்னேன். அப்பக் கூப்பிடாதீங்க, முடிஞ்சதும் சொன்னாப் போதும்னு வச்சுட்டான்."

"சொல்றதுக்கு என்னய்யா?"

"வந்தேன். இதோ இந்தத் தூண் வரைக்கும் வந்தேன். நீ தொட்டி முன்னாடி நின்ன." அவர் தன் காலைப் பார்த்தார். "அதுக்கு மேல எனக்கு வரல."

பவுண்டரி வண்டியிலேயே போனான். உடுப்பு மாற்றவில்லை, குளிக்கவில்லை. வீட்டு வாசலில் அண்ணி அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். போர்வை இரண்டும் நனைந்து கிடந்தன. டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. சின்னவன் கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்து, "தொட்டியத் தள்ளிட்டேன்" என்றான். அவள் அவன் கழுத்தில் கை வைத்து உடனே எடுத்துக்கொண்டாள்.

"அடுப்பு மாதிரி இருக்கு" என்றாள். "காலையில பாத்தீங்களா?"

பெரியவன் தம்பியைத் தூக்கினான். தம்பியின் எடை அவனைத் திகைக்க வைத்தது. அவ்வளவுதானா என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். உப்புநீரும் மருந்தும் ஏறியதும் சின்னவன் கொஞ்சம் தெளிந்தான். டாக்டரம்மா குனிந்து கேட்டார்.

"எப்பலேர்ந்து குளிர் அடிச்சுது?"

சின்னவன் டாக்டரம்மாவைத் தாண்டி அண்ணனைப் பார்த்தான். கரி அப்பிய முகத்தோடு, பவுண்டரி உடுப்போடு அவன் சுவரோரம் நின்றிருந்தான்.

"இப்பத்தான்" என்றான் சின்னவன். "சாயங்காலம்."

டாக்டரம்மா நிமிர்ந்து பெரியவனைப் பார்த்தார். "சாயங்காலமா?"

பெரியவன் தலையாட்டினான்.

"நல்லது. சீக்கிரமே கொண்டுவந்துட்டீங்க. மருந்துக்குக் கேக்குதான்னு வார்டுல வச்சுப் பாப்போம்."

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மூச்சு திணறி ஐ.சி.யூவுக்குள் கொண்டுபோனார்கள். அதன் பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான். ஒரு வாரம் போல இயந்திரம் மூச்சு விட்டது. கால் வீங்கியது, கை வீங்கியது, முகம் யாருடையதோ ஆனது. மூத்திரம் நின்றுபோனது. பெரியவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். காவல்காரர் வந்து பக்கத்தில் நின்றார். ஒருநாள் மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பெரியவனின் தோளில் கை வைத்தார்.

"நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சீங்க. நேரத்துக்குத்தான் கொண்டுவந்தீங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அந்தச் சொல்லை அவன் வீட்டுக்கு எடுத்துவந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னான். நேரத்துக்குத்தான் கொண்டுபோனோம், டாக்டரம்மாவே சொன்னார் என்றான். அவர்கள் தலையசைத்தார்கள். காவல்காரர் மட்டும் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அடுப்படியில் இருந்தாள். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

பெரியவன் உலைக்குத் திரும்பினான். வார்ப்பை அச்சிலிருந்து உடைத்தெடுத்து, சுத்தம் செய்து, தட்டிப் பார்த்திருந்தார்கள். ஒரு குறையும் இல்லை. முதலாளி சொன்னபோது பெரியவன் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அண்ணி முன்னறைக் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"அன்னிக்குக் காலையில அவனுக்குக் குளிர் இருந்துச்சு. இல்லையா?"

அவன் கட்டில் சட்டத்தைத் தரையில் வைத்தான். "உங்கிட்ட யாரு சொன்னா?"

"ரெண்டு போர்வை கிடந்துச்சு. ஆறிப்போன டீ இருந்துச்சு. இதுக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா?"

"உலைக்குளிருன்னு நெனச்சேன். அவனும் அப்படித்தான் நெனச்சான்."

"அத விடுங்க. நெனச்சீங்க. தப்பாப் போச்சு. நான் இருந்திருந்தா பாத்திருப்பேன், ஆனா நான் இல்ல. பஸ்ஸப் புடிக்க ஓடிட்டேன். அதுக்கு நான் யாரக் கேக்கறது? அத விடுங்க." அவள் கழற்றிய திருகாணியை உள்ளங்கையில் உருட்டினாள். "டாக்டரம்மா கேட்டப்ப அவன் சாயங்காலம்னு சொன்னான். சாகக் கிடக்கறவன் உங்களக் காப்பாத்தப் பொய் சொன்னான். சரி. நீங்க தலையாட்டுனீங்களே, அது யாரக் காப்பாத்த?"

அவன் தரையில் வைத்த சட்டத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான்.

"அவனயா?"

"அவன் சொன்னத நான் பொய்யின்னு எப்படிச் சொல்றது, அவன் முன்னாடியே?"

"சொல்லணும். அவன் முன்னாடியேதான் சொல்லணும்." அவள் குரல் உயரவில்லை. "நான் மட்டும் என்ன? எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. நானும் வாயத் தொறக்கல. வீட்டு ஆம்பளைய டாக்டர் முன்னாடி எதுக்கு நிக்க வைக்கணும்னு நெனச்சேன் பாருங்க. ரெண்டு பேருமாச் சேந்து வாய மூடிட்டு நின்னோம்."

"சொல்லியிருந்தா மட்டும் பொழச்சிருப்பானா?"

"தெரியாது. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. போய்க் கேளுங்க. கேக்காம, நேரத்துக்குக் கொண்டுபோனோம்னு இன்னொரு தடவ யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

அவன் அடுத்த வாரம் போனான். டாக்டரம்மா அறைக்கு வெளியே நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தான். அவன் முறை வந்தபோது எழுந்து பின்னால் இருந்தவரை அனுப்பினான். அப்புறம் அடுத்தவரையும் அனுப்பினான். எல்லோரும் போன பிறகு உள்ளே போனான். டாக்டரம்மாவுக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

"உக்காருங்க. வீட்ல எப்படி இருக்காங்க?"

"காலையிலயே குளிர் அடிச்சுதும்மா" என்றான் பெரியவன். "சாயங்காலம் இல்ல. நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே. தெரிஞ்சேதான் போனேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்பவே கொண்டுவந்திருந்தாப் பொழச்சிருப்பானா?"

"எதுக்கு இப்பக் கேக்கறீங்க?"

"தெரியணும்."

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அப்படி உடனே வந்தவங்கள்ல நிறையப் பேர் பொழச்சு வீட்டுக்குப் போயிருக்காங்க."

"வந்த அன்னிக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா?"

அவர் ஆறுதலாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை.

"வார்டுல வச்சிருக்க மாட்டேன். நேரா ஐ.சி.யூவுக்குள்ள கொண்டுபோயிருப்பேன். அந்த ராத்திரி நமக்குக் கெடச்சிருக்கும். அது போதுமா இருந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது." பிறகு, "நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கலாம். உங்க உடுப்பப் பாத்தேன். வேலையிலேர்ந்து நேரா ஓடி வந்திருக்காருன்னுதான் தோணுச்சு" என்றார்.

பெரியவன் எழுந்து கும்பிட்டான். வெளியே மழை விட்டிருந்தது. பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தான்.

அண்ணி வாசற்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றினான்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

வழியெல்லாம் அவன் வேறு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான். எப்போது கொண்டுபோயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார்கள் என்று. அது வாய்வரை வந்தது.

"பொழச்சிருக்கலாம்" என்றான். "காலையிலன்னாலும் சரி. அன்னிக்குச் சாயங்காலம் நான் வாயத் தொறந்திருந்தாலும் சரி. உறுதியில்லையாம். ஆனா பொழச்சிருக்கலாமாம்."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. உள்ளே போனாள். பிறகு அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். தட்டு வந்தது. ஆவி பறந்தது. முதல் வாயைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. நல்ல பசி. தட்டு காலியானதும், தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை முன்னால் தள்ளினான்.